பெட்டி என்ர பக்கம் சரிஞ்சது

கசநோய்க்கு ஆறு மாசம் மருந்து குடிச்சு முடிச்சு, "இனி உங்களால ஒருத்தருக்கும் தொத்தாது" எண்டு கிளினிக்கில சொல்லி அனுப்பின பிறகுதான், நான் செத்துப்போனனோ எண்டு எனக்குச் சந்தேகம் வந்தது. அக்கராயனில என்ர படலையைக் கடக்கேக்க சனம் கதையை நிப்பாட்டும். நான் கையைக் காட்டினா, எனக்குப் பின்னால நிக்கிற வேம்பைப் பார்த்துச் சிரிக்கும். ரெண்டு மூண்டு தரம் கண்ணாடியில போய்ப் பார்த்தனான். மூஞ்சை இருந்தது. பழைய அவலட்சணம்தான்.

கசம் எண்டு தெரிஞ்ச பிறகும் என்ர வீட்டுக்கு வந்து காட்ஸ் விளையாடினவன் ஒரே ஒரு கூட்டாளி. அவனும் மாரடைப்பில போயிட்டான்.

செத்தவீட்டுப் பந்தலில நான் இருந்த உடன பக்கத்துக் கதிரையள் ஒவ்வொண்டாக் காலியாச்சு. கை மாறிக் கை மாறி வந்த வெத்திலைத் தட்டம் எனக்கு முன்னால வளைஞ்சு அடுத்த வரிசைக்குப் போச்சு. பிரேதத்துக்குப் பக்கத்திலயெண்டாலும் நாலு பேர் இருந்தினம்.

பெட்டி தூக்கேக்க, என்ர பக்கம் நடுப்பிடி வெறுமையாக் கிடந்தது. போய்ப் பிடிச்சனான். எனக்கு முன்னுக்கு நிண்டவரும் பின்னுக்கு நிண்டவரும் கையை எடுத்திட்டினம். பெட்டி அப்பிடியே என்ர பக்கம் சரிஞ்சது. உள்ளுக்க 'டொக்' எண்டு ஒரு சத்தம். மேளம் நிண்டிட்டுது. ஒருத்தரும் அசையேல்ல. காட்ஸில தோக்கிற நேரம் அவன் இப்பிடித்தான் என்ர தோளில வந்து சாயிறவன்.

வாசலில நிண்ட அவன்ர மனுசி அழுகையை நிப்பாட்டினா.

"தம்பியவை, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அண்ணை மருந்து முடிச்சிட்டார். அவற்ற வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்ச என்ர மனுசன் நெஞ்சு நோவிலதான் போனவர். பிடியுங்கோ!"

பிடிச்சினம்.

சுடலையால வந்து பந்தலில இருந்தன். பெட்டி தூக்கேக்க எனக்கு முன்னுக்கு நிண்டவர் வந்து, ஒரு கதிரை விட்டு அடுத்ததில இருந்தார். அந்த நேரம் பாத்துத் தொண்டைக்குள்ள சுடலைப் புகை அரிக்குது. மூச்சைப் பிடிச்சன். கண்ணால தண்ணி ஓடுது. கடைசியில வெடிச்ச மாதிரி இருமினன்.

அவர் எழும்பினார். சரி, போறார் எண்டு நினைச்சன். தண்ணிச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து, நடுக் கதிரையில குந்தினார்.

"இந்தாங்கோ அண்ணை, குடியுங்கோ. செத்துக்கித்துத் துலைச்சிடாதேங்கோ. இண்டைக்கு இன்னொரு பெட்டி தூக்க என்னால ஏலாது."