ஷமீமாவின் தையலுக்கு நான் போட்ட மார்க்

சர்ஜரி மாணவர்களுக்கு மார்க் போடுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: சில சமயம் எதிரே நிற்கிறவருக்கு நம்மைவிட நன்றாகக் கை ஓடும். வாத்தியார் வேலை பார்த்தவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு நடந்தது எண்பதுகளின் கடைசியில், சேலத்துப் பக்கம்.

மேஜைக் கால்

மேஜைக் காலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடச் சொல்வேன். நூல் சிக்கும், அறுந்து போகும், சிலர் தங்கள் விரலையே கட்டிக்கொள்வார்கள். ஷமீமா மட்டும் கையைப் பார்க்காமலே போட்டாள். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் மகள், மூன்றாம் வருஷம்தான். ஏதாவது ஒரு முடிச்சு வழுக்கட்டும் என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் பழனி என் காதருகே வந்தார். "சார், அந்தப் பாப்பா எடது கைலயும் போடுதுங்க. உங்களுக்கு வலது கை மட்டும்தானுங்களே வரும்?"

ஆட்டுத் தோல்

மதிப்பீட்டு நாளில், கறிக்கடையில் வாங்கிவந்த ஆட்டுத் தோலைக் கீறி, தைக்கச் சொன்னோம். மற்றவர்கள் தைத்த தோல் சாக்குமூட்டை வாய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. ஷமீமாவின் தையலை ஸ்கேல் வைத்து அளந்தேன். எல்லாம் ஒரே இடைவெளி. எனக்கு வயிறு எரிந்தது. பத்துக்கு ஆறு போட்டு, 'வேகம் போதாது' என்று எழுதினேன்.

கூட இருந்த டாக்டர் சகுந்தலா ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். "வேகம் போதாதா? அந்தப் பொண்ணு முடிச்சுட்டு அஞ்சு நிமிஷமா சும்மா நிக்குது சார்!"

காதில் விழாத மாதிரி அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

மேச்சேரிக்காரர்

அந்த வாரமே, மேச்சேரி விவசாயி ஒருவர் தையல் பிரிக்க வந்தார். முன்கையில் அரிவாள் வெட்டு. நான் பக்கத்தில் நிற்க, ஷமீமா தைத்தது. காயம் கோடு போட்ட மாதிரி ஆறியிருந்தது. முந்தின வருஷம் அவர் காலில் நான் போட்ட தையலின் தழும்போ பூரான் மாதிரி தடித்துக் கிடந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, கோவிச்சுக்காதீங்க. இதையும் அந்த அம்மிணியே பிரிக்கட்டுமுங்க."

ஒரு மார்க்

அன்று சாயங்காலமே ரிஜிஸ்டரோடு எங்கள் சர்ஜரி சீஃப் அறைக்குப் போனேன். ஆறை ஒன்பதாகத் திருத்த வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். "பொறாமை சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்தவர், திருத்திய இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வராந்தாவில் நின்ற ஷமீமாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அவள் மெதுவாகக் கேட்டாள்:

"சரிங்க சார். மீதி ஒரு மார்க் எதுக்குப் போச்சு?"

அடுத்தவர் கைக்கு மார்க் போடச் சம்பளம் வாங்கினேன். அந்தக் கை எனக்கு வாய்க்கவில்லையே என்ற எரிச்சலுக்கு மட்டும், இத்தனை வருஷ வைத்தியத்தில் ஒரு மாத்திரைகூட எழுதத் தெரியவில்லை.