கோவாத் தண்ணீர் குடித்த கோழிகள்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் நாற்பது இறைச்சிக் கோழிகள் வளர்த்தோம். கொழுந்து எடுத்துவிட்டு வந்து தீனி வைப்பது நான். கூட்டைக் கவனிப்பது என் வீட்டுக்காரர். குஞ்சு இறக்கிய நாளிலிருந்தே குடிதண்ணீரில் ஒரு மருந்துத் தூளைக் கலந்துவிடுவோம். நோய் வந்ததா, இல்லையா என்று பார்ப்பதே இல்லை. கடையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குச் சிறுநீரில் கிருமி தொற்றிக் கடும் காய்ச்சல். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஊசி போட்டார்கள். வார்டு டாக்டர் ஒருநாள் கேட்டார்: "வீட்டுல கோழி இருக்கா? அதுக்கு மருந்து கலக்குறீங்களா?"

"ஆமாங்க."

"உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நோயே இல்லாம மருந்து குடுத்தா கிருமி அதுக்குப் பழகிரும். பிறகு அவசரத்துக்கு நமக்கும் வேலை செய்யாது."

வீட்டுக்கு வந்ததும், இனி தூள் வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் திகைத்துப்போனார். "குஞ்செல்லாம் செத்துப்போச்சுன்னா என்னா புள்ள செய்றது?"

அதைக் கேட்க மிருக வைத்தியரிடம் போனேன். தோட்டத்தில் பிறந்து படித்த பெண், என்னைவிட இளையவர்.

"கோவா இலையிலயே நல்ல கிருமி இருக்குக்கா," என்றார். "நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைஞ்சு, அந்தத் தண்ணியிலயே மூழ்க வச்சுப் புளிக்க விடுங்க. குஞ்சு குடிக்கிற தண்ணியில கொஞ்சம் ஊத்துங்க. வயித்துல நல்ல கிருமி பெருகுனா கெட்டதுக்கு எடம் கெடைக்காது. ஆனா நோய் வந்துட்டா எங்கிட்ட வந்துரணும்."

மரக்கறித் தோட்டத்தில் கழித்துப்போட்ட கோவாவின், அதாவது முட்டைக்கோஸின், வெளி இலைகளைப் பொறுக்கி வந்தேன். எங்கள் குளிருக்கு அது லேசில் புளிக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்த பிறகுதான் நுரை கட்டிப் புளிப்பு வாசம் வந்தது.

அப்படியும் முதல் தடவை ஐந்து குஞ்சுகள் வயிறு கழிந்து செத்தன.   செத்த குஞ்சொன்றைத் தூக்கிக்கொண்டு மறுபடி வைத்தியரிடம் போனேன். அந்தப் பெண் அறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் கூட்டுக்கே வந்தார். தரையில் கிடந்த மரத்தூளை அள்ளிப் பிழிந்தார். ஈரம் சொட்டியது.

"இந்த ஈரத்துல எந்தத் தண்ணி குடுத்தும் பிரயோசனம் இல்லக்கா."

நோய்ப்பட்ட குஞ்சுகளுக்கு மட்டும் அளந்து மருந்து தந்தார். அந்த வாரமே வீட்டுக்காரர் கூரை ஒழுக்கை அடைத்தார், தரையை உயர்த்தினார், காய்ந்த மரத்தூள் பரப்பினார். அடுத்த தடவை நெரிசல் வேண்டாமென்று முப்பது குஞ்சுகள்தான் விட்டோம். மருந்துத் தூள் கலக்கவில்லை, கோவாத் தண்ணீர் மட்டும். ஒன்றே ஒன்று செத்தது. மற்றவை தீனித் தட்டை முட்டித் தள்ளிக்கொண்டு வளர்ந்தன.

போன மாதம் அடுத்த லயத்துப் பெண் ஒரு போத்தலோடு வந்தாள். "உறை ஊத்தக் கொஞ்சம் புளிச்ச தண்ணி தாங்கக்கா, நாங்களும் தூளை நிப்பாட்டப் போறோம்."

நான் எழுவதற்குள் என் வீட்டுக்காரர் போத்தலை வாங்கிக்கொண்டார். "மொதல்ல கூட்டுத் தரை காஞ்சிருக்கான்னு பாரும்மா," என்று சொல்லிக்கொண்டே அதை நிரப்பினார்.