இடப்பக்கம் சுழன்ற கிண்ணங்கள்

வெளிநாட்டு வியாபாரி சோற்றுக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை ஸென்ஜி அண்ணனிடம் சொன்னேன்.

"உள்ள இருக்கற விரல் கோடு மத்த வீட்டுக் கிண்ணத்துல வலப்பக்கமா சுத்துதாம். உங்களது மட்டும் ஏன் இடப்பக்கம்னு கேக்கறாரு."

"வாதம் வந்து வலது கால் போச்சு. இடது காலால சக்கரத்தை உதைக்கறேன், அதான்னு சொல்லு."

"கை எப்படி இருக்குன்னு கேக்கறாரு."

"நல்லா இருக்குன்னு சொல்லேன்." வலது கை மடியில் செத்துக் கிடந்தது.

தேநீர் ஊற்றிய அண்ணன் மனைவி இக்குயோ அக்கா, "கையும் காலும் போனா என்ன, வாய் இருக்கே" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுக்கும் ஒரே சூளை. பெண்கள் மண் சலிப்பார்கள், சுமப்பார்கள். சக்கரத்தில் பெண் உட்கார்ந்தது வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக்குச் சூளையில் முறை கிடையாது. அக்கா கல்யாணமாகி வந்த நாள் முதல் கணவருக்கு எதிரே உட்கார்ந்து மண் உருண்டை எடுத்துக் கொடுத்தவள். அவர் விழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சக்கரத்தில் ஏறினாள். எதிரே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவருடைய வலது கால் இவளுடைய இடது காலானது. சக்கரம் மாறிச் சுற்றியது. தவறு தெரிந்தபோது கை அதிலேயே படிந்துவிட்டிருந்தது.

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். புத்தாண்டு விருந்தில் பக்கத்து வீட்டுக்காரர், "படுத்து எழுந்த பெறகு உன் கை இன்னும் தேறிடுச்சேப்பா ஸென்ஜி!" என்று கண் சிமிட்டினார். அவர் கோப்பையிலும் அக்காதான் சாக்கே மது ஊற்றினாள்.

கிண்ணம் பார்த்த அன்று வியாபாரி, தன் கடையில் மாட்ட அண்ணனைச் சக்கரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். "நிழல் விழுது, நகரு" என்றார் அண்ணன். அக்கா நகர்ந்தாள்.

பிறகு ஓடையில் கோப்பை கழுவும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"சிஹோ, நாளைக்கு அந்த வியாபாரி பெட்டி கட்ட வருவான்ல? அவன் பாஷையிலயே சொல்லிடு, இதெல்லாம் இந்த வீட்டுப் பொம்பள செஞ்சதுன்னு. இங்க ஒருத்தருக்கும் புரியாது. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கறேன். என் பேரை மட்டும் சொல்லிடாத. நீ பேசற இங்கிலீஷுல அது ஒண்ணுதான் இங்க எல்லாருக்கும் புரியும்."