மணிக்கு முன்னயா, பொறவா?

வாஷிங் மெஷின் வேலை முடிந்து கூவும்போதெல்லாம் எனக்கு நாகர்கோவில் பள்ளி மைதானம் நினைவுக்கு வரும். அங்கே கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததென்று சொல்ல, தொங்கும் தண்டவாளத் துண்டில் நான்தான் கம்பியால் அடிப்பேன்.

அக்கா ஆடிய ஒரு போட்டியில், அவள் கையை விட்டுப் பந்து கிளம்பிய பிறகுதான் அடித்தேன். பந்து கூடைக்குள் விழுந்தது.

பி.டி. டீச்சர் என்னிடம் ஓடிவந்தார்.

"பந்து கையை விட்டது மணிக்கு முன்னயா, பொறவா? முன்னன்னா பாயின்ட் உண்டு."

அக்காவுக்காகப் பொய் சொல்கிறேன் என்பார்களோ என்று பயந்து, "பொறவுதான் டீச்சர்" என்றேன். ஒரு புள்ளியில் தோற்றோம்.

வீட்டுக்கு நடக்கையில் அழுத என்னை அக்காதான் தேற்றினாள்.

"விடு மக்கா, நான்தான் தாமசிச்சிட்டேன்."

இன்று தன் பேத்தியிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் சொல்கிறாள். நான் ஈரத்துணியை உதறிக்கொண்டிருக்கிறேன்.