கொண்டைக்குருவியின் இறகு

என் தலையில் பேன் விழுந்ததற்கு எங்கள் வீட்டுக் கொண்டைக்குருவிதான் முதலில் பழி சுமந்தது. எழுபதுகளின் கடைசியில், முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. மழைக்காற்றில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு அது. ஒரு பக்கச் சிறகு சரியாக விரியாது. மில்லில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, வைத்திக்குப்பத்து மீன்காரம்மா விட்டுப்போன கூடையைக் கவிழ்த்து அதற்கு வீடாக்கிக் கொடுத்தார். பப்பாளியும் வெட்டுக்கிளியும் ஊட்டுவது என் வேலை.

நான் தலையைச் சொறிவதைப் பார்த்த அம்மா, குருவியைப் பிடித்து அதன் சிறகை வெயிலுக்கு நேராக விரித்தாள். இறகின் தண்டையொட்டி, மணல் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒன்று நகர்ந்தது.

"கோழிச்செள்ளு மாதிரி கெடக்குது. இதுலேர்ந்துதான் இவ தலைக்கு ஏறியிருக்கு. கொண்டுபோயி எங்கனா விட்டுட்டு வாடா" என்றாள் மாமாவிடம்.

பறக்கத் தெரியாததை வெளியே விட்டால் பூனைக்குத்தான். நான் அழுதுகொண்டே கூடையருகே போய்க் குந்தினேன்.

மாமா உதிர்ந்த இறகு ஒன்றை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டார். "இத்த வச்சிக்கினே வேலைக்குப் போறேன்க்கா. எனக்கு அரிக்குதா பாரு."

"ஒன் மண்டையில பேன் நிக்க முடி எங்கடா இருக்கு? வழுக்கி உழுந்து செத்துப்பூடும்."

"அப்ப நீயே ஒன் சடையில வச்சிப் பாரு. ஞாயித்துக்கெழம வரிக்கும் அரிக்கலன்னா குருவி இங்கியே இருக்கட்டும்."

அம்மா கூடையருகே குந்தியிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறகை வாங்கி, கனகாம்பரத்துக்கு அடியில் சடையில் செருகிக்கொண்டாள். மார்க்கெட்டுக்கும் அப்படியே போய் வந்தாள். ராத்திரியில் இறகைக் கழற்றி வைப்பாளென்று பார்த்தேன். கழற்றவில்லை.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் தலையைச் சொறிந்துகொண்டாள். நான் ஓடிப்போய்க் கூடையைக் கட்டிக்கொண்டேன். அரிக்குதா என்று மாமா கேட்டபோதெல்லாம், "பாக்கலாம், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்தவர் முன்னால் சடையை அவிழ்க்காதவள், அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணியை விரித்து எதிர்வீட்டு அத்தை முன் உட்கார்ந்தாள். பேன்சீப்பை ஒரு இழுப்பு இழுத்ததும் கறுப்பாக நாலைந்து விழுந்தன. மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

அத்தை அவற்றைக் குனிந்து பார்த்தாள். இறகையும் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். "செள்ளு அத்தனையும் எறகுலயே ஒட்டிக்கினு கெடக்குதுடி. இது வேற, சுத்தமான மனுசப்பேனு. ஒம்மொவ பள்ளிக்கூடத்துலேர்ந்து வாங்கியாந்து ஒனக்கும் ஒரு பங்கு குடுத்திருக்கா."

வாசலில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் தலை நிறைய வேப்பெண்ணெய் தேய்த்தார்கள். குருவி கூடையிலேயே இருந்தது. வெயில்காலத்துக்குள் அதன் சிறகு தேறி, தானாகப் பறந்துபோனது.

அந்தப் புள்ளிகள் குருவியின் இறகில் படியும் எண்ணெயைத் தின்று அதோடேயே காலம் தள்ளுபவை, மனிதர் தலையில் அவற்றுக்குப் பிழைப்பில்லை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா தோற்றுவிட்டாள் என்பதுதான். மாமாவோடு சேர்ந்து கைதட்டினேன். அரிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் முதல் நாளே ஜெயித்திருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.