இரண்டும் வெள்ளை அரளி

வெற்றிலைக்குள் பூவை மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்கள் என் உள்ளங்கையில் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில். வெள்ளை அரளி வந்தால் ஆத்தா சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். கிணறு வெட்டுவதானாலும் கல்யாணம் பேசுவதானாலும் எங்கள் வீட்டில் பூக் கேட்டுத்தான் செய்வார்கள். அன்று கேட்க வந்தது அக்காவின் இதய ஆபரேஷனுக்காக.

அக்காவின் கணவர் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். சாமி இல்லை என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அம்மாவோடு ஓயாத வழக்கு. ஆனால் அம்மாவுக்கு அந்த மருமகன் மேல் உயிர்.

"ஏனுங்க அத்தை, ராக்கெட் உடற காலத்துல பூவப் போயி கேக்கறீங்களே" என்பார் மாமா.

"ராக்கெட்டுக்கும் தேங்கா ஒடச்சுத்தானுங்க மாப்பிள்ளை உடறாங்க" என்பாள் அம்மா.

வால்வு பழுது, அறுத்தால் பிழைக்க வழியுண்டு, தள்ளிப்போட்டால் அதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆத்தா சொல்லாமல் நெஞ்சில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். மாமா படம் வரைந்து காட்டினார், கெஞ்சினார், ஒரு நாள் அழுதார். கடைசியில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுரு அம்மணி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வைத்தேன். அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றதை மாமா சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அக்கா துளி பயமில்லாமல் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். மூன்றாம் நாள் உடலாக வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அழவில்லை. சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் கட்டினாள்.

"வாக்குக் குடுத்துக் கொன்னுபோட்டா பாருங்க ஆத்தா. நீங்க சொன்னதுதானுங்க மாப்பிள்ளை நெசம். சாமியுமில்ல, ஒண்ணுமில்ல."

வாழ்நாளெல்லாம் மாமா வாதாடியது இதற்காகத்தான்.

அதன்பின் அம்மா பதினொரு வருஷம் இருந்தாள். ஒரு நாளும் விளக்கேற்றவில்லை. சாமி உண்டா இல்லையா என்று யாராவது பேச ஆரம்பித்தால் இன்றும் நான் எழுந்து போய்விடுகிறேன். மாமாவும் நானும் அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சாமி திரும்பக் கிடைத்திருக்கும். கூடவே, மகளை ஏமாற்றி அனுப்பியது நாங்கள் இருவரும்தான் என்பதும் தெரிந்திருக்கும். எங்களைக் காப்பாற்றிக்கொள்ள, அவளைச் சாமியில்லாமலே சாகவிட்டோம்.