கருவாயனுக்கு உறைஞ்ச வெள்ளரிப்பழம்

நாய்க்கு ஐஸ் செய்து கொடுத்த பொம்பளை ஒருத்தி இருந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிச்சுக்கோங்க. சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேசனுக்கு மேற்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த முத்துத்தாய்தான் அவள். வெள்ளரிப்பழம், பூசணி, வாழைப்பழம், எது கிடைத்தாலும் மசித்து டப்பாவில் அடைத்து உறைய வைப்பாள். சித்திரை பிறந்துவிட்டால் மேலநீலிதநல்லூரிலிருந்தெல்லாம் ஆட்டுக்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவள். முப்பத்தி நாலு வயசு வரைக்கும் ஐஸைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளை இதில் இழுத்துவிட்டது கருவாயன் என்கிற நாய்.

ஐம்பத்தொன்றாம் வருசம். மழை ஏமாற்றிய கோடை. புருசன் கொழும்புக்குப் போய் ஆறு வருசமாகக் கடுதாசி இல்லை. முத்துத்தாய்க்கு மிஞ்சியது இருபத்து மூணு ஆடும் கருவாயனும்தான். அது காவல் இருந்த கிடையில் நரி ஒரு குட்டியைத் தொட்டது கிடையாது.

ஒருநாள் விடியக்காலம் அது முள்ளம்பன்றியோடு மல்லுக்கு நின்று, வாய் நிறைய முள்ளோடு வந்து படுத்தது. இடுப்பில் கிடந்த முள்வாங்கியை எடுத்து முத்துத்தாய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பத்தொன்பது முள்! அவ்வளவு வலியிலும் அவள் கையில் பல் படவில்லை. ஆனால் வாய் வீங்கிவிட்டது. நாலு நாளாகக் கஞ்சி இல்லை, பால் இல்லை, தண்ணீர்ச் சட்டியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பக்கத்துக் கிடை மூக்காண்டி கம்போடு வந்துவிட்டான்.

“தண்ணி குடிக்காத நாய் வெறிநாய்தாம்ட்டி. பொழுது சாயுறதுக்குள்ள குடிக்கலைன்னா அடிச்சிருவேன். ஊரையே கடிச்சு வச்சிரும்.”

“வாய் வலிக்கி அதுக்கு. வெறியுமில்ல, ஒண்ணுமில்ல,” என்று இவள் கத்தினாள். யார் கேட்கிறார்கள்?

ஸ்டேசன் வாசலில் சோடாக்கடை வைத்திருந்த தங்கப்பழம் அண்ணாச்சியிடம் ஓடினாள். அவருக்கு ரயிலில் மரத்தூள் மூட்டைக்குள் ஐஸ்கட்டி வரும். “வீக்கத்துக்கு இதை ஒத்தடம் குடு தாயி,” என்று ஒரு வாளி நிறைய உடைத்துக் கொடுத்தார். அதிலிருந்து புகை வருகிறதே என்று முத்துத்தாய் ஃபூ ஃபூ என்று ஊதி ஆற்றினாள். கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொட்டுப் பார்த்தவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். தண்ணிதான் கல்லாகி நிக்குதா? அடி ஆத்தீ!

கிடைக்கு வந்தால், கருவாயன் அந்தக் கட்டியை வாயருகே அண்டவிடவில்லை. சரி, ஏதாவது குளுகுளுவென்று இருந்தாலாவது தின்னுமே என்று, வெள்ளரிப்பழத்தை மசித்து ஒரு தகர டப்பாவில் போட்டு இறுக மூடி வாளிக்குள் புதைத்தாள். அப்புறமும் மனசு கேட்கவில்லை. எவன் கண்ணோ பட்டுவிட்டது என்று, ஆட்டுக்கு வைத்திருந்த கல் உப்பில் ஒரு படியை அள்ளி நாய்க்கு மூணு சுற்றுச் சுற்றினாள். ஒரு கை போதும். ஆனால் இவள் தவிப்பு படிக்கணக்கில் இருந்தது. திருஷ்டி உப்பைத் தண்ணியில் போட்டுக் கரைக்க வேண்டுமே? அந்தக் கோடையில் கிணற்றில் சேறுதான் கிடந்தது. குடிக்கிற தண்ணியிலா போட முடியும்? உருகுகிற ஐஸும் தண்ணிதானே என்று வாளிக்குள் கொட்டிவிட்டாள். சாக்கைப் போட்டு மூடி, நாய் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கத் தொடங்கியதும் சாக்கை விலக்கினாள். டப்பா வெள்ளை வெளேர் என்று பூத்துக் கிடந்தது. தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. மூடியைத் தட்டித் திறந்தால், கூழாக ஊற்றிய பழம் கல்லாட்டம் உறைந்து, விதையெல்லாம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் மினுங்கியது. தீயில்லாமல், கைபடாமல், அந்தக் கொடும் வெயிலில் இதை ஆர் செய்தது? ஐஸில் உப்புப் பட்டால் குளிர் இன்னும் ஏறி உள்ளே இருப்பதை உறைய வைத்துவிடும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? முத்துத்தாய்க்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன்னையறியாமல் கும்பிட்டாள்.

மறுநிமிசமே பயம் பிடித்துக்கொண்டது.

மூக்காண்டியும் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். “ஏட்டி, சுத்திப்போட்ட உப்புக்குள்ள கிடந்த டப்பா. கண்ணு பூரா இதுக்குள்ள இறங்கிட்டு, அதான் இப்படி வெறைச்சுக் கிடக்கு. இதைத் தின்னா நாய் அந்தாக்கில செத்துரும். தூர எறி!”

எறிந்தால் கம்பு. கொடுத்தால் கண்ணேறு. முத்துத்தாய் டப்பாவையும் பார்த்தாள், நாயையும் பார்த்தாள். சூரியன் பனைமரத்து உயரத்துக்கு இறங்கியிருந்தான்.

“அப்படி என்ன வந்தாலும் முதல்ல எனக்கு வரட்டும்லே,” என்று முள்வாங்கியால் ஒரு சில்லைப் பெயர்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பல் கூசியது, நாக்கு மரத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்காண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவள் சாகவில்லை. அதற்கப்புறம்தான் அடுத்த சில்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

கருவாயன் மோந்து பார்த்தது. நாக்கை மெல்ல நீட்டி ஒரு நக்கு நக்கியது. நின்றது. மறுபடி நக்கியது. மரத்துப்போன வாயில் வலி விட்டிருக்க வேண்டும், அப்புறம் கையையே தின்றுவிடும்போல நக்கித் தீர்த்தது. டப்பாவும் காலியானது.

பிறகு தானாக எழுந்து, தள்ளாடித் தள்ளாடித் தண்ணீர்ச் சட்டிக்குப் போய்த் தலையைக் குனிந்தது. சளப் சளப் என்று அது குடிக்கிற சத்தம் கிடை முழுக்கக் கேட்டது. மூக்காண்டி கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் கிடைக்குப் போனான். முத்துத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சட்டி காலியாகும் வரை அழுதாள்.